வெயில் புகும் அறையும் வீட்டுச் செடிகளும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அது முற்றமில்லாக் குறை. ஊரில் வாசற்படி இறங்கினால் மண். கொல்லைக் கதவைத் திறந்தாலும் மண். இங்கோ காலடியிலும் சிமெண்டு, தலைக்கு மேலும் சிமெண்டு. எனினும் இவ்வீடுகளில் பலவற்றில் ஓர் அறையிலாவது வெயில் தாராளமாக வந்து விழுகிறது. அவ்வறையை நம்மவரில் பெரும்பாலோர் துணி உலர்த்தவும் வடகம் காய வைக்கவும் மட்டுமே பயன்படுத்தி வருகின்றனர்.

அத்தகைய அறையில் எந்தச் செடிகளை வைக்கலாம், எவற்றை வைக்கலாகாது, வைத்தவற்றை எவ்வாறு காப்பது என்பனவற்றை நாம் பட்டறிந்த அளவில் எழுதத் துணிகிறோம். நாம் தாவர நூல் கற்றவரல்லர். பத்தாம் வகுப்புத் தேறி, நாகபுரியில் இரயில்வே குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்து வருபவர். பதிவேட்டில் எழுதிப் பழகிய கை மண்ணைத் தொடுவதற்குக் காரணமாயிருந்தது நம் அன்னையாருக்கு நேர்ந்த ஒரு மனத்துயரம். ஆகவே அதனின்றே தொடங்குவது முறையாகும்.

தகரத்தில் வந்த துளசி

2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் நம் தந்தையார் காலமானார். அடுத்த தை மாதத்தில், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூர் வீட்டைப் பூட்டிவிட்டு அன்னையாரை இங்கு அழைத்து வந்தோம். அவர் தம்முடன் கொணர்ந்த பொருள்களில் இரண்டை மட்டும் எவரிடமும் கொடுக்கவில்லை. ஒன்று தந்தையாரின் படம். மற்றொன்று முற்றத்துத் துளசிச் செடி. பால் மாவு வந்த பழைய தகர டப்பாவில் அதனைப் பெயர்த்து வைத்து, வழி நெடுகிலும் மடியிலேயே ஏந்தி வந்தார்.

நம் குடியிருப்பு இரண்டாம் மாடியில் உள்ளது. முன்னறைக்குத் தெற்கிலும் மேற்கிலும் ஜன்னல்கள். துளசிக்கு வெயில் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே மேற்கு ஜன்னலின் சிமெண்டுத் திண்டில் தகரத்தை வைத்தோம். "அய்யா, சாயங்கால வெயிலு சுள்ளுன்னு அடிக்குமே, வேற பக்கம் வச்சாத் தேவலைல்லா?" என்று அன்னையார் கேட்டார். "வெயில்தானே அம்மா அதற்கு உணவு" என்று நாம் விடை கூறினோம். அப்போது நமக்குச் செடியைப் பற்றித் தெரிந்தது அவ்வளவே.

பங்குனி வரையில் செடி தழைத்திருந்தது. சித்திரையில் மண் தணிந்துவிட்டதென்று குடியிருப்புக்குப் பின்னாலிருந்த கரிய மண்ணை அள்ளி வந்து நிரப்பினோம். நாகபுரியின் கோடை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொடுவது இங்குப் புதிதன்று. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது இலைகள் யாவும் தீய்ந்த காகிதம்போல் தொங்கின. பதறிப்போய் ஒரு குடம் நீரை ஊற்றினோம். மூன்றாம் நாள் தண்டின் அடி கறுத்துவிட்டது.

அன்னையார் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அன்றிரவு உணவு கொள்ளவில்லை. மறுநாட் காலையில், "அவுக வச்ச செடிய்யா அது. நான் ஊருக்கே போயிருதேன்" என்றார். பூட்டிய வீட்டில் அவரைத் தனியே விடுவது எவ்வாறு? முழங்கால் வலியோடு அவருக்கு நீர் முகந்து கொடுப்பவர் யார்? கோடை விடுமுறைக் கூட்டத்தில் இரயில்வே ஊழியருக்கும் படுக்கை இடம் கிடைக்கவில்லை. அதற்காக அன்று வருந்தினோமா, உள்ளுக்குள் மகிழ்ந்தோமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டு மராத்திய மூதாட்டி மாடிக்கு வந்தார். குடியிருப்பில் அனைவரும் அவரை 'ஆஜி' என்று அழைப்பர். பாட்டி என்பது பொருள். அவர் தகரத்தைத் தூக்கிப் பார்த்தார், தட்டிக் கவிழ்த்தார். அடியில் ஓட்டை இல்லை. கீழே சேறும் மேலே வெடித்த கட்டியுமாக மண் விழுந்தது. செடியைக் கொன்றது வெயிலன்று. கொதித்த தகரமும், வடியாத நீரும், நம் அவசரமுமே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஆஜி மற்றொன்றும் செய்தார். பட்ட செடியில் காய்ந்து நின்ற கதிர்களைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். கடுகினும் சிறிய கரிய விதைகள் கையில் தங்கின. அவற்றைக் காகிதத்தில் மடித்து அன்னையாரிடம் கொடுத்து, வானத்தைக் காட்டி, மழை பெய்வதுபோல் விரல்களை அசைத்தார். அன்னையாருக்கு மராத்தி தெரியாது; ஆஜிக்குத் தமிழ் தெரியாது. எனினும் மழை வந்ததும் விதைக்க வேண்டும் என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது. அக்காகிதம் தந்தையாரின் படத்தின் அடியில் ஒரு மாதம் இருந்தது. ஊருக்குப் போகும் பேச்சும் அதுவரையில் நின்றது.

முதலில் வெயிலை அறிக

செடி வாங்குமுன் வெயிலைக் கணக்கெடுக்க வேண்டும். நாம் குமாஸ்தா ஆகையால் அதற்கொரு பதிவேடே திறந்தோம். விடுமுறை நாளொன்றில் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரையில், மணிக்கொரு முறை, தரையில் வெயில் விழும் எல்லையைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு நேரத்தையும் எழுதி வந்தோம். எந்த மூலையில் எத்தனை மணி நேரம் வெயில் நிற்கிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிட்டது. இதனை மார்கழியில் ஒரு முறையும் வைகாசியில் ஒரு முறையும் செய்தல் நலம், இரண்டும் ஒன்றாயிரா.

காரணம் யாதெனில், நாம் வடக்கே வந்துவிட்டோம். கோவில்பட்டி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையிலும், நாகபுரி 21 பாகையிலும் உள்ளன. மார்கழி நடுப்பகலில் கோவில்பட்டியில் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும். நாகபுரியில் 45 பாகை உயரமே. 45 பாகை என்றால் ஒருவருடைய நிழல் அவர் உயரத்துக்குச் சமமாக விழும். ஆகவே, மேலே சாய்ப்பு இல்லாத தெற்கு ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 6 அடி உயரத்திலிருந்தால், குளிர்கால நடுப்பகல் வெயில் 6 அடி உள்ளே வரும். மே மாத இறுதியிலோ சூரியன் நாகபுரிக்கு நேர் உச்சியில் வந்துவிடுகிறது. ஜூனில் சற்று வடக்கேயும் செல்கிறது. அப்போது அதே தெற்கு ஜன்னலில் நடுப்பகல் வெயில் விழுவதில்லை. தில்லியில் வாழும் அன்பர்களுக்குச் சூரியன் ஆண்டில் ஒரு நாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. மார்கழியில் 38 பாகையளவே ஏறும்.

இதனால் பெறப்படுவது: தெற்கு ஜன்னல் குளிர்காலத்தில் வெயிலும் கோடையில் வெளிச்சமும் தருவது, ஆண்டு முழுவதும் செடிக்கு நன்று. கிழக்கு ஜன்னலில் இளவெயில், எச்செடிக்கும் ஏற்றது. மேற்கு ஜன்னலே வன்மையானது. பகலெல்லாம் காய்ந்து சுவர் சூடேறிய பின்னர் அங்கு வெயில் வருகிறது. நம் அன்னையார் மொழிந்ததும் இதுவே. அவர் கணக்கில்லாமல் சொன்னார், நாம் கணக்கெழுதிக் கண்டோம்.

மற்றொரு சோதனையும் உண்டு. நண்பகலில் செடி வைக்கக் கருதும் இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, ஒரு முழ உயரத்தில் கையை நீட்டுக. நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் வெயில் விரும்பும் செடி வைக்கலாம். மங்கலாக விழுந்தால் நிழற்செடிக்கே அவ்விடம் உரியது. அறை முழுவதும் வெளிச்சமாயிருப்பதாக நம் கண் சொல்வதை நம்பலாகாது. கண் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்; ஜன்னலிலிருந்து 6 அடி உள்ளே சென்றாலே வெளிச்சம் மிகவும் குறைந்துவிடுகிறது என்பதைச் செடியே அறியும்.

தொட்டியும் மண்ணும்

வெயில் அறைக்கு மண் தொட்டியே சிறந்தது. அதன் பக்கங்கள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ந்திருக்கும். தகரமும் கரிய பிளாஸ்டிக்கும் வெயிலைக் குடித்து வேரை வேக வைப்பன. பிளாஸ்டிக் தொட்டிதான் உள்ளதெனில் அதனைச் சற்றுப் பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பலாம். அல்லது பழைய சணல் சாக்கைச் சுற்றிக் கட்டலாம். எத்தொட்டியாயினும் அடியில் ஓட்டை இருத்தல் வேண்டும். ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் ஓடாது, நீர் வடியும்.

மண்ணைப் பற்றி ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். ஆஜி கொட்டிய மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்த அன்னையார், "இது நம்ம ஊர்க் கரிசல்லா!" என்றார். உண்மையே. விதர்ப்பப் பகுதியின் மண்ணும் கோவில்பட்டி வட்டாரத்து மண்ணும் பருத்தி விளையும் கரிசல் மண்ணே. ஆயிரம் மைல் அளவு தூரம் வந்தும் அவர் கையில் பட்டது பழகிய மண்ணாயிற்று. ஆனால் வயலுக்குச் சிறந்த கரிசல் தொட்டிக்கு ஆகாது. நனைந்தால் களியாகி நீரை விடாது. காய்ந்தால் வெடித்து, ஊற்றும் நீரெல்லாம் வெடிப்பின் வழியே ஓடிப்போகும், வேருக்கு எட்டாது. ஆகவே கரிசல் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய சாண எரு ஒரு பங்கு என்று கலந்து கொள்கிறோம். கற்றாழை போன்றவற்றுக்கு மணலை இரண்டு பங்காக்குவோம்.

வைக்கத் தக்கவை

துளசி: ஒரு நாளைக்கு 5, 6 மணி நேர வெயிலாவது வேண்டும். மராத்தியிலும் இதன் பெயர் ஏறக்குறைய அதுவே. கதிர் விட்டவுடன் கிள்ளிவிட்டால் செடி அடர்ந்து கிளைக்கும். ஒன்றிரண்டு கதிர்களை மட்டும் விதைக்காக விடுக. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து மெலியும். அப்போது நீரைக் குறைக்க வேண்டும். துளசி நெடுங்காலம் வாழும் மரமன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டு முற்றி ஓய்ந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் மழைக்காலத்தில் புது விதை தூவ வேண்டும். துளசி பட்டுப்போனால் வீட்டுக்குக் கேடு என்று கலங்கும் தாய்மார்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

ஓமவல்லி: கற்பூரவல்லி என்றும் கூறுவர். இங்கு ஓவா இலை என்று கேட்டால் கிடைக்கும். நான்கு விரல் நீளத் துண்டை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் இதற்கு உகந்தன. குழந்தைகளின் சளிக்குக் கஷாயமும், மழை நாளில் பஜ்ஜியும் இவ்விலையால் உண்டு. புதிதாகச் செடி வளர்க்கத் தொடங்குவோர் இதனையே முதலில் வைக்குமாறு வேண்டுகிறோம். கைகூடிய செடி அடுத்த செடிக்குத் துணிவு தரும்.

சோற்றுக் கற்றாழை: மராத்தியில் கோர்பட். வெயில் உள்ள ஜன்னலில் வைத்து மறந்துவிடலாம். கோடையில் வாரம் ஒருமுறை, குளிர்காலத்தில் இருபது நாளுக்கு ஒருமுறை நீர் போதும். நிழலில் இருந்ததைத் திடீரென்று கடு வெயிலில் வைத்தால் மடல்கள் சிவந்து பழுப்பேறும். பத்து நாட்களில் சிறிது சிறிதாக வெயிலுக்கு நகர்த்த வேண்டும். இவ்விதி எல்லாச் செடிகளுக்கும் பொருந்தும்.

கறிவேப்பிலை: கடிபத்தா என்பர். 12 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி வேண்டும். குளிரில் இலையுதிர்த்து உறங்குவது அதன் இயல்பு. செத்துவிட்டதென்று எண்ணி நீரை மிகுதியாக ஊற்றுவதே அதனைக் கொல்லும். வெப்பம் வந்ததும் துளிர்க்கும். இலை இலையாகப் பறியாமல் நுனிக் கொத்தாக ஒடித்தால் பக்கக் கிளைகள் எழும்.

குண்டு மல்லிகை: இங்கு மோக்ரா. அறையின் உள்ளே வைத்தால் இலை மட்டும் தழைக்கும், பூக்காது. ஜன்னல் கம்பிக்கு வெளியே, நாள்தோறும் 5, 6 மணி நேரம் நேர்வெயில் படும்படி இருக்க வேண்டும். தை மாதத்தில் நீரைக் குறைத்துக் கிளைகளைக் கத்தரித்து, பின்னர் எருவிட்டு நீர் பாய்ச்சினால் பங்குனி முதல் மொட்டு வரும். நம் செடியில் முதல் ஆண்டில் ஒரு நாளைக்குக் கிடைத்த பூக்கள் அதிகம் போனால் 17. அவற்றை அன்னையார் வாழை நார் இல்லாமல் தையல் நூலால் தொடுத்து, பாதியைப் படத்துக்கும் பாதியை மருமகளுக்கும் கொடுத்தார். கடையில் வாங்கிய பூவை அவர் அவ்வாறு தொட்டுத் தொட்டுப் பார்த்ததில்லை.

பத்துமணிப் பூ: முழு வெயிலில், சிறு தட்டுத் தொட்டியிலும் வளரும். வெயில் ஏறினால் விரியும், மாலையில் சுருங்கும். அலுவலக நேரத்தில் மலர்வதால் இங்குச் சிலர் 'ஆபீஸ் டைம்' என்றே இதனை அழைக்கின்றனர். எங்கள் அலுவலகத்தில் சிலரைவிட நேரம் தவறாதது இப்பூ.

செம்பருத்தி: ஜாஸ்வந்த் என்பது மராத்திப் பெயர். வெயிலும் நீரும் தாராளமாக வேண்டும். வெள்ளைப் பஞ்சு போன்ற மாவுப்பூச்சி இதனை நாடி வரும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில், வாரம் ஒருமுறை இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும்.

வைக்கலாகாதவை

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், அறைக்கு அழகென்று எண்ணிச் செடிக் கடை ஒன்றில் பச்சையும் வெண்மையும் கலந்த பெரிய இலைச் செடியொன்றை 150 ரூபாய் கொடுத்து வாங்கினோம். டிஃபன்பாக்கியா என்பது அதன் பெயர். குழந்தை உள்ள வீடு என்று நாம் கூறியும், ஒன்றும் செய்யாது என்று விற்றவர் உரைத்தார். பத்தாம் நாள் நம் மூன்று வயது மகன் இலையைக் கடித்துவிட்டான். உதடு தடித்தது, எச்சில் நில்லாமல் ஒழுகியது, அழவும் இயலாமல் விக்கினான். வாயைத் துடைத்துக் கழுவி மருத்துவமனைக்கு ஓடினோம். மூச்சுத் தடைபடவில்லை என்பதைக் கண்டறிந்து, குளிர்ந்த பால் கொடுத்துச் சில மணி நேரம் வைத்திருந்து அனுப்பினர். அச்செடியின் இலையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன; அவை நாவிலும் தொண்டையிலும் குத்தி வீக்கம் உண்டாக்கும் என்று மருத்துவர் விளக்கினார். நம் வீட்டில் தப்பியது ஒரு குழந்தை. இதனைப் படிக்கும் எந்த இல்லத்திலும் இது நேராதிருக்க வேண்டும் என்பதற்காகவே நம் அறியாமையை வெளியிடுகிறோம்.

மணி பிளாண்டு என்னும் கொடியிலும் இத்தகைய படிகங்களே உள்ளன. அன்றியும் இவ்விரண்டும் நேர்வெயில் பட்டால் இலை தீய்வன. வெயில் அறைக்கு அவை இருவகையாலும் பொருந்தா. அரளி வெயிலை விரும்பும். ஆனால் அதன் எல்லா உறுப்புகளும் கொடிய நஞ்சு. சிறுவர் உள்ள வீட்டில் அது வேண்டாம். நித்தியகல்யாணி வெயிலில் ஆண்டு முழுவதும் பூப்பது. சதாஃபுலி என்று இங்கு வீடுதோறும் உண்டு. அதனினின்று வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. அதனாலேயே அதன் இலையை நாமாக மென்று பார்ப்பது ஆபத்து. சர்க்கரை நோய்க்கு நல்லதென்று யார் கூறினும் கேட்க வேண்டாம். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துப் பூவைக் கண்டு மகிழ்க.

செடிகள் அறைக் காற்றைத் தூய்மையாக்கும் என்று விற்போர் கூறுவது பற்றியும் ஒரு சொல். 1989ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா நடத்திய சோதனையிலிருந்து இப்பேச்சு பரவிற்று. அச்சோதனை மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. பல சோதனைகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வொன்று, ஜன்னல் திறந்த வீட்டில் கிடைக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமெனில் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. செடி மனத்துக்கு நன்று. காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைப்பதே நன்று.

நீரும் கோடையும்

நாள் கணக்கில் நீர் ஊற்றுவது தவறு. சுட்டுவிரலை மண்ணில் ஓர் அங்குலம் செலுத்திப் பார்த்து, காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் நீர் வரும்வரை ஊற்ற வேண்டும், ஈரமிருந்தால் ஊற்றலாகாது. காலையே தக்க நேரம். உச்சி வெயிலில் வாடி நிற்கும் செடியைக் கண்டு பதறாமல் நிழலுக்கு மாற்றுக. மாலையில் தானே நிமிரவில்லையெனில் நீர் கொடுக்கலாம்.

ஏப்ரல் வந்ததும் நாகபுரியில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் கூலர் ஏறிவிடும். நம் மேற்கு ஜன்னலும் அதற்கே உரியதாகிவிடுகிறது. அப்போது செடிகளைத் தெற்கு ஜன்னலடிக்கு மாற்றி நெருக்கமாக வைப்போம். ஒன்றின் நிழலும் ஈரமும் மற்றொன்றுக்கு உதவும். வெளியே நிற்கும் மல்லிகைக்குப் பச்சை நிழல்வலை கட்டுவோம். தொட்டியடித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டிக் கழுவ வேண்டும். டெங்குக் கொசு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த நீரிலேதான். மாடி ஜன்னலுக்கு வெளியே வைக்கும் தொட்டியைக் கம்பியால் இறுகக் கட்டுதல் கடமை. கீழே நடப்பவர் தலையைக் காப்பதும், கீழ்வீட்டார் துணியில் சேற்று நீர் சொட்டாமற் பார்ப்பதும் நம் பொறுப்பேயாம்.

ஊருக்குச் செல்லும்போது

வெளியூர்த் தமிழர் வீட்டுச் செடிகள் பெரும்பாலும் மடிவது மே மாதத்தில். பள்ளி விடுமுறை விட்டதும் நாம் ஊருக்குப் புறப்படுகிறோம். திரும்பி வரும்போது தொட்டியில் குச்சி நிற்கிறது. அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்வதே முதல் வழி. அதற்கு இயலாதவர்கள் செடிகளை வெயிலினின்று அகற்றி, வெளிச்சம் உள்ள குளிர்ந்த இடத்தில் சேர்த்து வைத்து, நன்றாக நீரூற்றி, உயரமான இடத்தில் மூடிய வாளி நிறைய நீர் வைக்க வேண்டும். பருத்தித் துணியைத் திரியாகத் திரித்து, ஒரு முனையை வாளி நீரிலும் மறு முனையைத் தொட்டி மண்ணிலும் புதைத்தால் நீர் சிறிது சிறிதாக இறங்கும். இம்முறை ஒரு வாரம் பத்து நாள் காக்கும். ஒரு மாதத்துக்குப் போதாது. புறப்படுமுன்னரே வீட்டில் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். மாற்றல் உத்தரவு வந்தவர்கள் தொட்டிகளைச் சுமக்க வேண்டியதில்லை. ஓமவல்லித் துண்டை ஈரத் துணியிலும், துளசி விதையைக் காகிதத்திலும், கற்றாழைக் கன்றைச் செய்தித் தாளிலும் சுற்றிக் கொண்டால் புதிய ஊரில் பழைய தோட்டம் மீண்டும் எழும்.

முடிவாக

2023ஆம் ஆண்டு மழை தொடங்கியதும் அன்னையார் அக்காகிதத்தைப் பிரித்து, தம் கையாலேயே கலந்த மண்ணில் விதைகளைத் தூவினார். பன்னிரண்டாம் நாள் பச்சைப் புள்ளிகள் தோன்றின. மூன்று நாற்றுகள் தேறின. ஒன்று தெற்கு ஜன்னலில் உள்ளது. ஒன்று கீழ்வீட்டு ஆஜியின் வாசலில் உள்ளது. அவ்வாண்டு கார்த்திகத் துளசித் திருமணத்தின்போது ஆஜி கரும்புப் பந்தலிட்டு அச்செடிக்கே பூசை செய்து அன்னையாரைப் பக்கத்தில் உட்கார வைத்தார். கையில் கரும்புத் துண்டோடு மாடியேறி வந்த அன்னையார், "நம்ம வீட்டுத் துளசிக்குத்தான்யா கல்யாணம்" என்றார்.

மூன்றாவது நாற்றை அடுத்த கோடையில் அவரே ஊருக்கு எடுத்துச் சென்று, பழைய மாடத்தில் நட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்து வந்தார். இம்முறை மண் தொட்டியில்; அடியில் ஓட்டையுடன். இன்னும் சில நாள் தங்கி வருமாறு சுற்றத்தார் வற்புறுத்தினராம். "அங்க செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பும் பயணச் சீட்டுக்கு நமக்குத் தொலைபேசியில் சொன்னார். இவ்வாறு அவர் நம்மிடம் சீட்டுக் கேட்டது அதுவே முதல் தடவை.

நம் வீட்டில் இப்போது ஓமவல்லித் துண்டுகளும் துளசி விதைகளும் வேண்டிய அளவு உள்ளன. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும் அன்பர்கள் சிறு பையொன்று கொணர்ந்தால் மகிழ்வுடன் தருவோம். மண் தொட்டியும், அதன் அடியில் ஓட்டையும் மட்டும் தங்கள் பொறுப்பு.